ரிஜோவுக்குக் காவல் இருந்தவன்

டெல்வின் இந்தச் சம்பவத்தை வீட்டில் இதுவரை சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பதற்காக இல்லை. அவன் வீட்டாருக்கு அந்த ராத்திரியைப் பற்றி நன்றாகவே தெரியும். கல்யாண வீட்டில், கோயில் முற்றத்தில், நாலு பேர் கூடினால் அதைத்தான் எடுத்துப் பேசுவார்கள். அவர்கள் சொல்லும் கதையில் பேய் கிடையாது. நல்லவன் ஒருவன் இருக்கிறான். அது டெல்வின்.

நடந்தது வேறு. அவன் என்னிடம் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் சொல்கிறவன் அப்படி வெட்கப்பட மாட்டான்.

ஐந்து வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மாதம். டெல்வினுக்கு இருபத்தொன்பது வயது. கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, மார்த்தாண்டத்தில் சொந்தமாக ஒரு சர்வீஸ் கடை போட்டிருந்தான். திருவட்டாறு பக்கம் ரெனிஷா என்ற பெண்ணை அவனுக்குப் பேசியிருந்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு ஆள் தலையாட்ட வேண்டியிருந்தது. ரெனிஷாவின் அண்ணன் ரிஜோ. அப்பா இறந்த பிறகு தங்கையை நர்சிங் படிக்க வைத்து ஆளாக்கியவன். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். அதிகம் பேசாதவன்.

"பையன் கொள்ளாம்," என்று ரிஜோ வீட்டில் சொன்னானாம். "ஆனா ஒரு நாள் கூட இருந்து பழகிப் பாக்காம நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

அது காதில் விழுந்ததும் டெல்வின் காட்டுக்குப் போகலாம் என்றான். அவனுக்கு அதில் ஒரு பைத்தியம். போனைத் திறந்தால் காட்டில் கூடாரம் கட்டுவது, கல்லடுப்பு மூட்டுவது, மூங்கிலில் சோறு வடிப்பது என்று அந்த வீடியோக்கள்தான். மடக்கு ரம்பம், பெரிய கத்தி, உரசினால் பொறி பறக்கும் இரும்புக் கம்பி, நெற்றியில் கட்டும் லைட் எல்லாம் வாங்கி வைத்திருந்தான். ஆனால் கத்தாரில் நண்பர்களோடு பாலைவனத்தில் கரி வாங்கிப் போட்டு லைட்டரால் பற்ற வைத்துக் கோழி சுட்டதோடு சரி. நனைந்த காட்டில் ஒரு சுள்ளியைக்கூட அவன் எரித்ததில்லை.

"காட்டுல ஒரு வாரம் விட்டாலும் நான் சமைச்சுத் தின்னுட்டு சொகமா வருவேன் அண்ணே," என்று ரிஜோவிடம் பெருமை அடித்திருந்தான்.

கீரிப்பாறைக்கு மேலே ஒரு கிராம்பு எஸ்டேட். அதன் முதலாளி வீட்டு ஏசியை டெல்வின்தான் பார்ப்பான். அவரிடம் கேட்டு அனுமதி வாங்கினான். சனிக்கிழமை மத்தியானம் இருவரும் பைக்கில் போனார்கள். கீழே வேலைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். அங்கே சமையல் செய்யும் பிந்து என்ற பெண் அவர்களுக்கு இரண்டு மூடு மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, கொடுத்தாள்.

"மேல பாறைக்கிட்ட வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கும். வெளிச்சம் போறதுக்கு முன்னால தீயைப் பிடிச்சிருங்க. ஏதாவது வேணும்னா ராத்திரின்னாலும் வந்து கதவைத் தட்டுங்க. வெக்கப்படாண்டாம்."

ஒரு மணி நேர ஏற்றம். ரப்பர் முடிந்து, கிராம்பு மரங்கள் முடிந்து, பெரிய ஒரு பாறை. அதற்கு மேல்பக்கம் ஓடை. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டித் தார்ப்பாயை விரித்தான் டெல்வின். மூன்று கல்லை எடுத்து அடுப்புக் கூட்டினான். அதுவரை எல்லாம் வீடியோவில் பார்த்தது மாதிரியே இருந்தது.

தீ பிடிக்கவில்லை.

கம்பியை உரசினான். பொறி பறந்தது. தேங்காய் நார்ச் சவுரி புகைந்தது, அணைந்தது. மறுபடி உரசினான். கை தோல் உரிந்தது. ரிஜோ ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"லைட்டர் இல்லியா மக்கா?"

"இருக்குண்ணே. வேண்டாம். இப்ப பிடிக்கும் பாருங்க."

பிடிக்கவில்லை. ரிஜோ எழுந்து, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று ஓடைக்குப் போனான். டெல்வின் காய்ந்த சுள்ளி தேடி எதிர்ப்பக்கம் போனான்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...

மேல் சரிவில் யாரோ விறகு வெட்டுகிறார்கள். எஸ்டேட் ஆள் என்று நினைத்துக்கொண்டான். கை நிறைய ஈரச் சுள்ளியோடு திரும்பி வந்தபோது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நல்ல தீ. புகை இல்லாத தீ. பக்கத்தில் விறகு அடுக்கியிருந்தது, எல்லாம் ஒரே நீளமாக. ரிஜோதான் லைட்டரை எடுத்துப் பற்ற வைத்திருக்கிறான் என்று டெல்வின் நினைத்தான். அவமானமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அப்போது ரிஜோ தண்ணீர்ப் பாத்திரத்தோடு ஓடைப் பக்கமிருந்து இறங்கி வந்தான்.

"பரவால்லியே! பிடிச்சிட்டியே!" என்றான். முகத்தில் உண்மையான சந்தோஷம்.

டெல்வின் வாயைத் திறந்தான். பிறகு சிரித்துவிட்டு மூடிக்கொண்டான். ரிஜோ அந்தப் பக்கம் திரும்பியதும் தன் பையைப் பார்த்தான். லைட்டர் வாங்கிய கவரோடு, பிரிக்காமல் அப்படியே இருந்தது.

அந்த நேரத்திலேயே சொல்லியிருக்கலாம், "அண்ணே, இது நான் மூட்டின தீ இல்ல" என்று. சொல்லவில்லை.

கஞ்சி வைத்தான். சிறுபயறு வேக வைத்தான். கிழங்கைக் கனலில் புதைத்துச் சுட்டான். காந்தாரி மிளகாயைக் கல்லில் வைத்து நசுக்கினான். அப்போதுதான் நினைவு வந்தது, உப்பு கொண்டுவரவில்லை. பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தான். இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. ரிஜோவிடம் சொல்லாமல் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தான்.

ரிஜோ ஒரு வாய் குடித்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"உப்பு கணக்கா போட்டிருக்க மக்கா."

டெல்வின் தன் கஞ்சியைக் குடித்துப் பார்த்தான்.

உப்பு இருந்தது.

அவன் மிச்சத்தையும் குடித்து முடித்தான். ரிஜோ பாத்திரம் கழுவ எழுந்து போனான். இருட்டத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஓடையிலிருந்து ஒரு அலறல். டெல்வின் ஓடிப்போய்ப் பார்த்தால், ரிஜோ பாசிப் பாறையில் வழுக்கி விழுந்து கிடந்தான். இடது கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்து தார்ப்பாய்க்குக் கீழே படுக்க வைத்தான். கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. போனில் சிக்னல் இல்லை. ரிஜோவின் போன் ஓடைத் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டிருந்தது.

"இந்த இருட்டுல இறங்க முடியாது," என்றான் ரிஜோ, பல்லைக் கடித்துக்கொண்டு. "விடியட்டும். நீ கூட இருக்கியே, அது போதும்."

வலி மாத்திரை ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ரிஜோ தூங்கிப்போனான். டெல்வின் அடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். ரிஜோ அவனுக்கு இடது கைப்பக்கம், தொட்டுவிடும் தூரத்தில்.

மழை இல்லை. காற்று இல்லை. ஓடைச் சத்தம் மட்டும்.

டக்... டக்...

நிமிர்ந்தான். இந்நேரத்தில் யார் விறகு வெட்டுவார்கள்? சத்தம் மேல் சரிவில் இல்லை. இறங்கியிருந்தது. பாறைக்கு அந்தப் பக்கம்.

டக்.

நின்றுவிட்டது.

போனில் மணி பார்த்தான். ஒன்று நாற்பது. தீ தணிந்து கனலாகியிருந்தது. விறகு வைக்க வேண்டும். கை நீட்ட மனம் வரவில்லை.

அப்போதுதான் கனலைக் கவனித்தான்.

சிவந்தது... மங்கியது... சிவந்தது... மங்கியது.

தார்ப்பாயின் ஓரம்கூட அசையவில்லை. ஆனால் கனல் சிவக்கும்போதெல்லாம் சாம்பல் அவனை நோக்கிப் பறந்தது. எதிர்ப்பக்கம் ஒருவர் குனிந்து ஊதினால் எப்படிப் பறக்குமோ, அப்படி.

காது கொடுத்தான்.

உஃப்ப்ப்...

மூச்சை இழுக்கும் சத்தம்.

உஃப்ப்ப்...

அடுக்கிலிருந்து ஒரு விறகு நகர்ந்தது. மெதுவாக. அடுப்புக்குள் போனது.

தீ எழும்பியது.

எதிரே யாரும் இல்லை.

டெல்வின் எழுந்தான். நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டான். ரிஜோவைப் பார்த்தான். வாய் திறந்தபடி தூங்குகிறான்.

எழுப்பியிருக்கலாம்.

எழுப்பினால் அவனைச் சுமக்க வேண்டும். சுமந்தால் ஓட முடியாது. அந்த ஒரு நொடியில் மனசு இந்தக் கணக்கைப் போட்டுவிட்டது.

ஓடினான்.

விழுந்தான், எழுந்தான், முட்டி கிழிந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. கிராம்பு மரங்கள், ரப்பர் மரங்கள்... பின்னால் எதுவும் துரத்தவில்லை என்பது பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் நிற்கவில்லை. லைன் வீடுகளுக்கு வந்துதான் நின்றான்.

பிந்துவின் வீட்டு வாசல். கதவைத் தட்டக் கையைத் தூக்கினான்.

தட்டினால் என்ன சொல்வது? கால் ஒடிந்த மனுஷனைக் காட்டில் போட்டுவிட்டு, இருந்த ஒரே வெளிச்சத்தையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன் என்றா? நாளைக்கு அது ரெனிஷாவின் காதுக்குப் போகும். கடைத்தெரு முழுக்கப் போகும்.

தூக்கிய கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு இறங்கியது.

ஒரு தட்டு. அவ்வளவுதான். நாலு பேர் பந்தம் கொளுத்திக்கொண்டு மேலே போயிருப்பார்கள். பயந்து ஓடி வந்தது கூட ஒரு பக்கம். கதவுக்கு முன்னால் நின்று யோசித்தானே, அதுதான் அவனை இன்றைக்கும் தின்கிறது.

பைக் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை சாவியைப் போட்டுக்கூடப் பார்த்தான். வானம் வெளுக்கத் தொடங்கியதும், யாரும் எழுந்து வெளியே வருவதற்குள், மறுபடி மேலே ஏறினான். ஒரு பொய் தயாராக இருந்தது. சிக்னல் தேடிப் போனேன், வழி தவறிவிட்டது. பாறைக்குக் கிட்டே போகப் போக நடையை மெதுவாக்கினான். ரிஜோ எப்படிக் கிடப்பானோ...

ரிஜோ மரத்தில் சாய்ந்து சௌகரியமாக உட்கார்ந்திருந்தான். கையில் தேங்காய்ச் சிரட்டை. பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தான். அடுப்பு எரிந்தது. காலில் இரண்டு பக்கமும் சீவிய கம்பு வைத்து, துண்டைக் கிழித்து, இறுக்கமாக, அழகாகக் கட்டியிருந்தது.

டெல்வினைப் பார்த்ததும் அவன் முகம் குழம்பியது.

"எஞ்ச சுத்தி வாற? இப்பத்தானே கெட்டிலோட ஓடைக்கு வெள்ளம் எடுக்க மேல போன?"

டெல்வின் தான் ஏறி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

"கீழேந்து வாற? கெட்டில் எஞ்ச?"

டெல்வின் ஓடைப் பக்கம் பார்த்தான். அங்கே பாறைமேல் அவனுடைய கெட்டில் இருந்தது. நிறையத் தண்ணீர். தளும்பி, பக்கங்களில் வழிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் வைத்த மாதிரி.

அதை எடுக்க அவன் போகவில்லை.

"எனக்க வாழ்க்கையில எனக்கு இப்படி ஒருத்தரும் செஞ்சதில்ல மக்கா," என்றான் ரிஜோ. "வலியில கெடந்து கத்தினேன். நீ ஒரு வார்த்தை சலிச்சுக்கல. காலைக் கெட்டின. கஞ்சியைச் சூடாக்கி ஊட்டின. ராத்திரி முழுக்கக் குனிஞ்சு ஊதிட்டே இருந்த. கிட்ட வந்து படுன்னு எத்தனை தடவை சொன்னேன்..."

"ம்," என்றான் டெல்வின்.

அவன் சொன்ன பொய் மொத்தமும் அந்த ஓர் எழுத்துதான். அதற்குப் பிறகு பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. எல்லாவற்றையும் ரிஜோவே சொன்னான்.

லைன் வீட்டு ஆட்கள் ரிஜோவைத் தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் எலும்பு விரிசல் என்றார்கள். கட்டுப் போட்டது யார் என்று டாக்டர் கேட்டார். "எனக்கு மச்சினனா வரப்போறவன்," என்றான் ரிஜோ. அப்படித்தான் டெல்வினுக்குக் கல்யாணம் உறுதியானது. நிச்சயதார்த்தத்தில் ரிஜோ ஊன்றுகோலோடு எழுந்து நின்று அந்த ராத்திரியை எல்லோருக்கும் சொன்னான். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ரெனிஷா டெல்வினைப் பார்த்த பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். எவ்வளவு அடக்கம் பார் என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

தை மாதம் கல்யாணம். அந்த வருடமே ஆண் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் ரிஜோ பலகாரப் பையோடு வந்தான்.

"பாஸ்டர்கிட்ட பேரு சொல்லியாச்சா?"

"இன்னும் முடிவு பண்ணலண்ணா," என்றாள் ரெனிஷா. "நல்லதா ஒண்ணும் தோணல."

ரிஜோ டெல்வின் பக்கம் திரும்பினான். "என்னலே, மறந்துட்டியா? அன்னைக்கு ராத்திரி நீ எனக்கிட்ட கேட்டது அந்த ஒண்ணுதானே. உனக்கு என்ன வேணும் சொல்லு, எதுன்னாலும் செய்யுதேன்னு நான் சொன்னேன். நீ தீ ஊதுறதை நிறுத்திட்டு, 'பையன் பிறந்தா நேசையன்னு பேரு போடணும், இந்தப் பேரு சொல்லி விளிக்க ஆளில்ல'ன்னு சொன்ன. நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்."

நேசையன். அந்தப் பெயரை டெல்வின் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

"நேசையனா? இந்தக் காலத்துல ஆரு இப்படிப் பேரு வைப்பா?" என்று ரெனிஷா சிரித்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. "அந்த ராத்திரியில கேட்டதுன்னா இருக்கட்டும். எனக்குச் சம்மதம்."

வேண்டாம் என்று அவன் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அன்றைக்கு நான் அங்கே இல்லை என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் பாஸ்டர் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்து அந்தப் பெயரைச் சொன்னார். டெல்வின் பக்கத்தில் நின்றான்.

அந்த வாரமே கடையை அடைத்துவிட்டு எஸ்டேட்டுக்குப் போனான். பிந்து முற்றத்தில் கிராம்பு உலர்த்திக்கொண்டிருந்தாள். பெயரைச் சொன்னதும் அவள் கை நின்றது.

"இந்தப் பேரு உங்களுக்கு ஆரு சொன்னது?"

"சும்மா... கேள்விப்பட்டேன்."

"எங்க அம்மைக்குக் கூடப்பிறந்தவரு. கிராம்பு பறிக்க மரம் ஏறுவாரு. கல்யாணம் கெட்டல. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போ, அந்தப் பாறைக்கிட்ட மரத்துலேந்து விழுந்து கால் ஒடிஞ்சுது. கூட ஒருத்தன் இருந்தான். ஆளைக் கூட்டிட்டு வாறேன்னு விளக்கையும் எடுத்துட்டு இறங்கினான். இறங்கி வந்து ஒருத்தருகிட்டயும் சொல்லல. பயந்தானோ, என்னமோ. விடியகாலம் பஸ் ஏறிப் போயிட்டான். மூணாம் நாளு தேடிப் போனா, மாமா அடுப்புக்குப் பக்கத்துல சாஞ்சு இருந்தாரு. உயிர் இல்ல. பானையில கஞ்சி இருந்துது. ரெண்டு சிரட்டை கழுவிக் கவுத்தி வச்சிருந்தாரு. அவன் வருவான்னு நெனச்சிருக்காரு."

டெல்வின் திண்டாடி ஒரு கேள்வி கேட்டான். "அவன் என்ன ஆனான்?"

"களியக்காவிளையில வச்சு செத்துப்போனான்னு கேள்வி." பிந்து குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மழை மாசத்துல ராத்திரி இஞ்ச வருவான். எனக்க வாசல்லதான் வந்து நிப்பான். தட்டக் கையைத் தூக்குவான். தட்ட மாட்டான். எங்க அம்மையும் பாத்திருக்கா. நாங்க ஆரும் கதவைத் தொறக்க மாட்டோம். நீங்க மேல தங்கின அன்னைக்கும் வந்தான். ஜன்னல் வழியா நான் பாத்தேன். நெத்தியில என்னமோ வெளிச்சம். பாக்கவே பாவமா இருந்துது."

டெல்வின் கிராம்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கீழ இப்படி ஒருத்தன் நிக்கான். மேல நீங்க அந்த வாத்தியாரை ராத்திரி முழுக்கக் காத்துட்டு இருந்தீங்க. அவரு போகும்போ எங்ககிட்ட சொன்னாரு. நீங்க நல்லாயிருப்பீங்க."

அவள் உள்ளே போய்ச் சாயா கொண்டு வருவதற்குள் அவன் பைக்கைக் கிளப்பிவிட்டான்.

பையனுக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ரிஜோ வந்தால் வாசலிலிருந்தே "நேசையா" என்று சத்தம் போடுவான். டெல்வின் மட்டும் மக்கா என்பான். அதை யாரும் கவனித்ததில்லை.

போன மாதம் ஒரு நாள் கரண்ட் போனது. ரெனிஷா நைட் டியூட்டிக்குப் போயிருந்தாள். மார்த்தாண்டத்தில் அவர்கள் இருப்பது தரைதள வீடு. மாடி கிடையாது. வாசலில் இறங்க ஒரு படிகூடக் கிடையாது. டெல்வின் இருட்டில் மெழுகுவர்த்தி தேடித் தடுமாறினான். பையன் அழவில்லை. மெதுவாக நடந்து வந்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"பயப்படாண்டாம் அப்பா," என்றான். "நான் கூட இருக்கேன். விடிஞ்ச பிறவு ரெண்டு பேரும் கீழ இறங்கலாம்."